பென்சிலில் இருந்த பாடம்

பிணக்குத் தீர்க்கப் பழக்கும் பாடத்துக்கு உதவிய நிறுவனத்தின் திட்டம் முடிந்த மறுவாரமே, கொழும்பு வெள்ளவத்தைப் பள்ளியொன்றில் அந்தப் பாடத்தின் வெள்ளிக்கிழமைப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விட்டது. பாட நேரசூசியில் மற்றதெல்லாம் பேனையில், அது மட்டும் பென்சிலில் இருந்தது; அழித்து எழுத ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அதை நடத்திவந்த மயூரி ரீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழாம் வகுப்புக்குள் நுழைந்த கணித ஆசிரியர் நாகேந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வேற நேரமே கிடைக்கேல்லையா, சேர்?"

"சிலபஸ் முடியேல்லை, மிஸ். பிள்ளையள் சோதனையிலை கோட்டை விட்டிடுவினம்."

மாணவி அஷ்வினி இரண்டு கதிரைகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். சண்டை வந்தால் அந்த வகுப்பில் அதுதான் வழக்கம். எதிரில் இருப்பவர் சொன்னதை, அவர் "ஓம்" என்று ஒப்புக்கொள்ளும்வரை திருப்பிச் சொல்ல வேண்டும். பழக்கியவள் மயூரியேதான்.

"சேர் என்ன சொன்னவர், மிஸ்?"

"என்ரை பாடம் வீண் எண்டார்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் நாகேந்திரம்.

"திருப்பிச் சொல்லுங்கோ, மிஸ்," என்றாள் அஷ்வினி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மூன்றாம் தடவைதான் மயூரிக்குச் சரியாக வந்தது. "பிள்ளையள் சோதனையிலை கோட்டை விட்டிடுவினமெண்டு சேர் பயப்பிடுறார்."

"ஓம்," என்றார் நாகேந்திரம்.

"அப்ப திங்கட்கிழமை என்ரை தமிழ்ப் பாடவேளையை எடுங்கோ."

நாகேந்திரம் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து நீட்டினார்.

"உங்கடை வெள்ளிக்கிழமைப் பாடத்தை இதாலை எழுதுங்கோ."