நிழலைத் தூக்குகிறவள்

1

அவளை எல்லாரும் சாம்பல் என்றே அழைத்தனர். காட்டு விலங்குகளின் படங்களில் ஒளியையும் நிழலையும் திருத்துவது அவள் தொழில். வேறெந்த நிறமும் கணினித் திரையில் பட்டு எதிரொளிக்கக் கூடாதென்று, தன் அறைச் சுவருக்குச் சாம்பல் வண்ணம் பூசியிருந்தாள். சாம்பல் நிறச் சட்டையன்றி வேறொன்றும் அணிந்து அங்கு அமரமாட்டாள். ஒருமுறை சிவப்பு உடையில் வந்த அண்ணியைக் கதவருகிலேயே நிறுத்தி, ஒரு சாம்பல் போர்வையைப் போர்த்திய பின்னரே உள்ளே விட்டாள்.

இக்கதை பிறந்த விதத்தை இப்பொழுதே சொல்லிவிடுகிறேன். ஒரே படத்தை நான் இரண்டு இடங்களில் கண்டேன். நூலகப் படிக்கட்டருகே தொங்கியதில் அந்தி. வங்கிச் சுவரில் தொங்கியதில் நண்பகல். அதே மான், அதே புல், நீரில் அதே வளையம். ஒரு மாலைப்பொழுதை இப்படி இரண்டாகப் பிரித்தவர் யார் என்று எண்ணிக்கொண்டே வங்கியில் என் முறையைத் தவறவிட்டேன். மற்றவையெல்லாம் கற்பனை. சாம்பலை நான் பார்த்ததில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘காட்டின் இருளிலிருந்து அவன் ஒரு…’

நிறுத்திவிட்டேன். இருளைச் சொல்லித் தொடங்கினால் வாசகர் பேயை எதிர்பார்ப்பார். வந்தவனோ அவளுடைய அண்ணன்.

அண்ணன் காட்டில் படம் எடுப்பவன். மாதம் இருமுறை படங்களைக் கொண்டுவந்து, தங்கையின் பின்னால் முக்காலி போட்டு அமர்வான்.

“ஷேடோவ இன்னும் கொஞ்சம் தூக்கு.”

“தூக்கியாச்சுண்ணா. இதுக்கு மேல தூக்கினா மான் போய்க் கூரையில முட்டும்.”

“முட்டட்டும். எனக்கு மான் தெரியணும்.”

“தெரியுது. அதோட நேத்து தின்ன புல்லும் தெரியுது.”

“வாயாடாம தூக்கு.”

அவள் நிழலைத் தூக்குவாள், அதாவது படத்தின் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குவாள். மரத்தடியின் கருமை மெல்ல வெளுத்து, மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகும். நாரையின் சிறகு, வரியெல்லாம் அழிந்து, வெறும் வெள்ளைத் தாளாகும். அண்ணன் மனம் நிறைந்து எழுந்து போவான். அவன் போனபின், ஒருவர் உறங்கும்போது போர்வையை இழுத்து மூடுவதுபோல், அவள் நிழலை மீண்டும் இழுத்து மூடுவாள். இவ்வாறு ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு பிரதிகள் உண்டாயின. ஒன்று ‘அண்ணனுக்கு’; மற்றொன்று ‘அச்சுக்கு’. இரண்டு ஆண்டுகளாக இதுவே வழக்கம்.

(வங்கியில் தொங்கியது, அண்ணன் தன் கையால் கொடுத்த பிரதி. நூலகத்திற்குச் சாம்பல் அனுப்பியிருக்க வேண்டும்.)

அவனுடைய ரசனை மாறிவிட்டதென்று அவள் நினைத்தாள். அவள் செய்த பிழை இது ஒன்றே. திரையைச் சரிபார்க்க அவளிடம் கருவி இருந்தது, மாதந்தோறும் சரிபார்த்தாள். பார்க்கிறவனைச் சரிபார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

3

இவ்விடத்தில் எனக்கு ஓர் ஐயம். இவ்வளவு கூர்மையான கண்ணுடையவள் இரண்டு ஆண்டுகள் அறியாமல் இருப்பாளா? அண்ணனின் இளமைப் பருவத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி ஐயத்தைத் தீர்க்கப் பார்த்தேன். தீரவில்லை, பத்தியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக அண்ணியை மறுபடியும் அழைத்துவந்தேன்.

“உங்கண்ணன் படியில காலால தடவித் தடவித்தான் எறங்குறார்” என்றாள் அண்ணி, போர்வையைத் தானே எடுத்துப் போர்த்திக்கொண்டு. “கேட்டா செருப்பு சரியில்லைங்கறார். மூணு செருப்பு மாத்தியாச்சு.”

“படி சரியில்லையோ என்னவோ, அண்ணி.”

“படியையும் மாத்தச் சொல்லுவார், பாரு. அதுக்குள்ள நான் ஆளை மாத்திடுவேன்.”

இருவரும் சிரித்தனர். சாம்பல் சிரித்துக்கொண்டே திரைப் பக்கம் திரும்பினாள். ‘அண்ணனுக்கு’ என்ற பெயரிலிருந்த படங்களை முதலிலிருந்து வரிசையாக ஓடவிட்டாள். முதற்படத்தில் அந்தி. பத்தாவதில் பிற்பகல். முப்பதாவதில் உச்சி வெயில். ஒரே காட்டின்மீது, இரண்டு ஆண்டுகளாக, சூரியன் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கனவில் காணும் பொழுதுபோல் இருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டதை அண்ணி கவனிக்கவில்லை.

4

அன்று பிற்பகல் அண்ணன் புதிய படங்களோடு வந்தான். ஓடைக்கரைப் புதரொன்றின் உச்சியில் ஒரு மீன்கொத்தி.

“அஞ்சு படம் எடுத்தேன். ஒண்ணும் சரியா வரல. நாளைக்குக் காலையில போய் இன்னும் நாலடி கிட்ட நின்னு எடுத்துடறேன்” என்று கூறிவிட்டு, முகம் கழுவப் போனான்.

சாம்பல் முதற்படத்தைத் திறந்தாள். எதையும் தூக்கவில்லை; கேமரா கண்டது கண்டபடியே இருந்தது. மங்கிய நீல வெளிச்சம். மேலே மீன்கொத்தி. கீழே, இலைகளுக்கு நடுவே, ஒரு சிறுத்தை படுத்திருந்தது.

அது ஒளிந்திருக்கவில்லை. தெருவில் போகிற எவரிடம் காட்டினாலும் ‘சிறுத்தை’ என்பார்.

இரண்டாவது படம், இன்னும் சற்று அருகிலிருந்து. மூன்றாவது, அதனினும் அருகில். நான்காவதில் சிறுத்தையின் காது கேமராவின் பக்கம் திரும்பியிருந்தது. ஐந்தாவதில் அது தலையைத் தூக்கி, நேராக அண்ணனைப் பார்த்தது. அண்ணன் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

இதன்பின் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில், சாம்பல் சிறுத்தையைப் படத்திலிருந்து துடைத்துவிடுகிறாள். அது அவளுடைய அறைக்குள் வந்து, சாம்பற்சுவரோரம் படுத்து, அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆயினும் அண்ணன் நாளைக் காலையில் காட்டிற்குப் போய்விடுவான்.

இரண்டாவதில், சிறுத்தையைப் பற்றி மட்டும் சொல்கிறாள். ‘அப்பிடியா, இருட்டுல எவனுக்குத் தெரியும்’ என்று அவன் சிரிக்கிறான். போய்விடுகிறான்.

மூன்றாவதில், தன் கண் மங்குவது அண்ணனுக்கு முன்பே தெரியும். காட்டை விட்டால் தான் யாரென்று தெரியாமல் போகுமே என்று அஞ்சித்தான் அவன்…

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை, வாசகரே, நீங்களே தீர்மானியுங்கள். அவன் சொல்லும் மறுமொழியும் உங்களுடையதே. நான் தங்கையோடு நின்றுகொள்கிறேன்.

அண்ணன் முகத்தைத் துடைத்தபடி வந்து முக்காலியில் அமர்ந்தான்.

“இதுல என்னண்ணா தெரியுது?”

“மீன்கொத்தி. கீழ புதர். ஏன், போகஸ் போயிடுச்சா?”

அவள் அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து, திரையில் சிறுத்தையின் நெற்றிமீது வைத்தாள்.

“இங்க?”

“இருட்டு.” அவன் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனான். விரல் அங்கேயே இருந்தது. “ஏதாவது இருக்கா?”

“சிறுத்தை இருக்கு. உன்னையே பாக்குது.”

அவன் திரையிலிருந்து விரலை மெல்ல எடுத்தான். பிறகு தாழ்ந்த குரலில், “ஷேடோவக் கொஞ்சம் தூக்கேன், பாக்கறேன்” என்றான்.

சாம்பல் கைகள் இரண்டையும் மடிமீது வைத்துக்கொண்டாள்.

“இல்லண்ணா. இனிமே நான் தூக்கல. நாளைக்கு நீ காட்டுக்குப் போகல. காலையில கண் டாக்டரைப் பாக்கறோம், நானும் வரேன்.”