முதல் மடக்கின் சூடு

இருளப்பனின் முகத்தைப் பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே பிரேமலா அவருடைய உணவுக்குழாயைப் பார்த்துவிட்டாள். ஈப்போவில் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு அது ஒரு மெழுகுக் கட்டிக்குள் புதைந்து வந்தது. அரிசி மணி அளவுச் சதைத் துணுக்கு. அதை வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றியது அவள்தான். இரைப்பை, குடல், உணவுக்குழாய் என்று சாப்பாடு போகும் பாதையில் வருகிற புற்றுநோய்களைத்தான் அந்தக் கூடத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அழகாகவே இருக்கும். அப்படி நினைப்பதற்கு முதல் வருடம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய் அழகும் போய், கழுத்து வலி மட்டும் மிஞ்சியது.

சதையை மட்டும் பார்த்தால் போதாது, அந்த மனிதர்கள் என்ன தின்றார்கள், என்ன குடித்தார்கள் என்பதும் வேண்டும் என்று பேராசிரியர் முடிவெடுத்தபோது, மலைத் தோட்டங்களுக்குப் போக ஒரு தமிழ் ஆள் தேவைப்பட்டது. கூடத்தில் தமிழ் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்த பாவத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். இதற்கு முன் போன இரண்டு வீடுகளிலும் அவளுக்கு முன்பே மாலை போய்ச் சேர்ந்திருந்தது. படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்க வந்ததைக் கேட்காமல், அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். அந்த வீட்டுக்காரர்கள் அவளை வாசல் வரை வந்து வழியனுப்பியதுதான் தாங்க முடியவில்லை.

சிம்பாங் பூலாய் வழியாக ஏறி கம்போங் ராஜாவைத் தொடும்போதே அன்றைக்குத் தலை வலிக்க ஆரம்பித்திருந்தது. திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றிய ஒரு லோரிக்குப் பின்னால் ஊர்ந்தாள். பிரிஞ்சாங்கில் பள்ளி விடுமுறைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு ஸ்ட்ராபெரியைப் படம் பிடித்தது. தோட்டத்துச் சாலையில் திரும்பிய பிறகுதான் சத்தம் அடங்கியது. கொழுந்து எடுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் எங்கோ மேட்டில் கேட்டது. அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனவர்கள் வங்காள தேசத்துப் பையன்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன.

இருளப்பன் உயிரோடு இருந்தார். அதற்கே அவளுக்கு ஒரு ஆசுவாசம் வந்தது. கம்பளிக் குல்லாவும், இன்னொருவருடையது போலத் தொளதொளத்த ஜாக்கெட்டுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தேயிலைச் செடியை மட்டத்துக்கு வெட்டும் கவ்வாத்து வேலையில் காலம் பூராவும் இருந்தவர். தோள் எலும்பில் மட்டும் அந்த அகலம் மிச்சமிருந்தது. அவருடைய மனைவி மணியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க மிசி. ஈப்போலேருந்து தனியாவா ஓட்டிட்டு வந்தீங்க? மலை ரோடு சூசா, கஷ்டமா இல்ல?"

மருத்துவமனை அட்டை கழுத்தில் தொங்கினால் தோட்டத்தில் எல்லாரும் மிசிதான், நர்ஸம்மாதான். பிரேமலா திருத்தவில்லை. எதற்காக வந்திருக்கிறாள் என்பதைச் சொல்லி, சம்மதம் வாங்கி, கேள்விகளைத் தொடங்கினாள். எந்தக் கேள்வி எதற்கு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சொன்னால் பதில் மாறிவிடும் என்பது பேராசிரியரின் கண்டிப்பு.

வெற்றிலை உண்டா? எப்போதாவது, கல்யாண வீட்டில். சிகரெட்? மகன் பிறந்ததும் விட்டுவிட்டார். சம்சு, சாராயம்? இருளப்பன் ஜன்னலைப் பார்த்தார். "சம்பள வாரம் மட்டும்," என்றாள் மணியம்மா, அவருக்கு வலிக்காமல். கருவாடு, ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் முடிந்து தேநீர் பற்றிய கேள்வி வந்தது.

"டீ எப்படிக் குடிப்பாரு? ஆற வச்சா, சூடாவா?"

மணியம்மாவின் முகம் விரிந்தது. அதுவரை கேட்டதெல்லாம் வீட்டு அழுக்கைக் கிளறுகிற கேள்விகள். இப்போதுதான் பெருமையாகச் சொல்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது.

"இவருக்கா? கொதிக்கக் கொதிக்க இருக்கணும் மிசி. கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு நா ஆத்திக் குடுத்துட்டேன். 'எனக்கென்ன காய்ச்சலா'ன்னு கேட்டாரு. அதோட சரி, இந்த வூட்ல டீ ஆத்துனதே கெடையாது. மலையில வேல செய்யறப்ப தூக்குல கொண்டு போவேன், துணி சுத்தி, ஓடுவேன். ஆறிறக்கூடாதுல்ல. எல்லாரும் கேப்பாங்க, எப்படி மணியம்மா ஒன் டீ மட்டும் பொங்கிகிட்டே வருதுன்னு."

கவ்வாத்து மலையில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. பனி எலும்பில் இறங்கும், இடைவேளையோ கைக்குட்டை அளவு. வெட்டிய கிளைகளைக் கொளுத்தி டின்னில் கொதிக்க வைப்பார்கள். அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் குவளையை வாங்கி ஊதாமல் குடிக்கிறவன்தான் ஆம்பளை. ஊதிக் குடிக்கிறவனைக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை என்று கேலி பண்ணுவார்கள். அந்த மலையில் முதல் குவளை எப்போதும் இருளப்பனுடையது. இதையும் மணியம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிரேமலா சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். மிகச் சூடாகக் குடிப்பது உணவுக்குழாயைக் காலப்போக்கில் கெடுக்கலாம் என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த விஷயம்.

"எப்பவும் போடுற மாதிரியே ஒரு டீ போடுறீங்களாம்மா? சூட்ட மட்டும் அளந்துக்குறேன்."

"அதுக்கென்ன, ஒங்களுக்கும் சேர்த்துப் போடறேன்," என்று மணியம்மா அடுக்களைக்குப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் வரை இருளப்பன் காத்திருந்தார். பிறகு விரலால் அவளைக் கிட்டே கூப்பிட்டார். குரல் வெறும் காற்றாக வந்தது.

"சூடு எதுக்கு அளக்குறீங்கன்னு எனக்குத் தெரியும் மிசி. டாக்டர் சொல்லிட்டாரு. சூடா குடிச்சுக் குடிச்சு புண்ணாயிருக்கும்னாரு. அவகிட்ட சொல்லிறாதீங்க."

"ஐயா, அது மட்டும் காரணம்னு யாரும்..."

"நீங்க சொல்லுவீங்க. அவ கேக்க மாட்டா. காலம் பூரா அவ கையாலதான குடிச்சேன்." மூச்சு வாங்கினார். "இப்பவும் குடுக்கறா. வாங்கி வச்சுக்குவேன். அவ அந்தப் பக்கம் போனதும் பாதிய சூடாவே ஜன்னல் வழியா ஊத்திருவேன். மிச்சம் ஆறுனதும் ரெண்டு வாய் எறங்கும். வேணான்னு சொன்னா ஏன்னு கேப்பால்ல."

ஜன்னலுக்கு வெளியே மிளகாய்ச் செடி ஒன்று கருகிப்போயிருந்தது.

பிரேமலாவுக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. மெழுகுக் கட்டி எதையும் கேட்காது, யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்று கையைப் பிடிக்காது. கழுத்து வலி எவ்வளவோ தேவலை. ஆனால் அடுக்களையிலிருந்து தட்டு வந்துவிட்டது. இரண்டு எவர்சில்வர் குவளைகள், விளிம்பு வரை, மேலே நுரை அடங்காமல்.

"ஐயா எப்பக் குடிப்பீங்களோ அப்பச் சொல்லுங்க. அப்ப அளந்துக்கலாம்," என்றாள் பிரேமலா.

இருளப்பன் குவளையைத் துண்டால் பிடித்துக் கன்னத்தருகில் வைத்தார். சொல்லவில்லை. ஆவி அவர் மூக்கைத் தாண்டிக் குல்லாவில் பட்டுக் கலைந்தது. ஏன் காத்திருக்கிறார் என்று பிரேமலாவுக்குப் புரிந்தது. ஆறட்டும், குறைவாகக் காட்டட்டும் என்று காத்திருந்தார். அவளும் அதையே விரும்பினாள் என்பது அவளுடைய ஆராய்ச்சிக்குச் செய்த துரோகம்தான். அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்படும் தெம்பு அவளுக்கு இல்லை.

மணியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன வேடிக்க பாத்துகிட்டு இருக்கீங்க? ஊத்துன கையோட குடிக்கிற ஆளு! இப்ப அளங்க மிசி, இதான் இவரு சூடு." குவளையை அவர் கையிலிருந்து வாங்கி அவளே நீட்டினாள்.

பிரேமலா வெப்பமானியின் முனையை உள்ளே விட்டாள். எண் ஏறிக்கொண்டே போனது.

"எவ்ளோ காட்டுது?"

"எழுபதத் தாண்டுதும்மா."

"கூடத்தான?"

"கூடத்தான்."

"பாத்தீங்களா!" பரீட்சையில் மகள் வாங்கிய மார்க்கைக் கேட்டது போல மணியம்மா இருளப்பனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் குல்லாவை இழுத்து நெற்றிக்கு விட்டுக்கொண்டார்.

பிரேமலா எண்ணைப் பதிந்துகொண்டு பையை மூடினாள். கிளம்பிவிட வேண்டும். அப்போதுதான் மணியம்மா மேசையைப் பார்த்தாள்.

"நீங்க குடிக்கவே இல்லையே."

"கொஞ்சம் ஆறட்டும்மா."

அந்த வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் பிரேமலா அதைக் கேட்டாள். மணியம்மாவின் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மிசி, ஒண்ணு கேக்கட்டா? வெத்தல கேட்டீங்க. சிகரெட்டு கேட்டீங்க. சம்சு கேட்டீங்க. எல்லாம் கெட்டது. கெட்டதா கேட்டுகிட்டே வந்தீங்க. அந்த வரிசையில என் டீ எதுக்கு?"

"சும்மா கேக்கறாங்க லா," என்றார் இருளப்பன் அவசரமாக. "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். நீ போயி சட்டி கழுவு."

மணியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பிரேமலாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒருவருக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பல காரணங்கள் சேர வேண்டும், கூட்டமாகப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். மாநாட்டில் திரைக்கு முன்னால் நின்று அவளே சொல்லியிருக்கிறாள், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பொய்யில்லை, அத்தனையும் உண்மை. சொன்னாள். அந்தச் சின்ன வீட்டில் மணியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது அது எதற்கும் உதவாத உண்மையாக இருந்தது.

"அப்ப டீயும் ஒரு காரணமா இருக்கலாம்," என்றாள் மணியம்மா.

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்."

மணியம்மா ஜன்னலுக்கு வெளியே கருகிய மிளகாய்ச் செடியைப் பார்த்தாள். அதற்கு உரம் பத்தவில்லையோ என்று எத்தனை நாள் புலம்பியிருப்பாளோ. பிறகு இருளப்பனைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவாள் என்று பிரேமலா பயந்தாள். அழவில்லை. அடுக்களைக்குப் போய் ஒரு காலிக் குவளையோடு வந்தாள்.

இருளப்பனின் தேநீரை எடுத்து மறு குவளையில் ஊற்றினாள். திரும்ப இதில். திரும்ப அதில். பழக்கமில்லாத கை, முதல் தடவை பாதி தரையில் சிந்தியது. கையை இன்னும் உயர்த்தினாள். தேநீர் நீளமாக இறங்க இறங்க ஆவி பக்கவாட்டில் பிரிந்து ஜன்னலுக்குப் போனது.

"ஆத்தாத," என்றார் இருளப்பன். "எனக்கென்ன..."

அவள் நிறுத்தவில்லை. நுரை எழும்பி, ஆவியே வராமல் போகும் வரை ஊற்றிக்கொண்டிருந்தாள். சுண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள், குழந்தைக்குப் பால் பார்ப்பது போல. இன்னொரு முறை ஆற்றினாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குவளையை நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து அவள் கையிலிருந்தே ஒரு மடக்கு எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பிரேமலாவின் தோளில் பை தொங்கியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். குல்லாவுக்கும் ஜாக்கெட் கழுத்துக்கும் நடுவில், நரைத்த மயிர் முளைத்த அந்தத் தொண்டை ஒரு தடவை ஏறியது, நடுவில் நின்றது. மணியம்மாவின் வாயும் கூடவே அசைந்து, அந்த மடக்கு உள்ளே இறங்குவதற்காகக் காத்து அதுவும் நின்றது.