பின்னாடி நான் இருக்கேன்

ஹமுராவின் பின்னங்கழுத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அதை அவன் பெண்டாட்டி பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தவன் கொமியாமாதான். மினாசே கால்பந்து அணியின் தடுப்பாட்டத்தில் இருவரும் பதினோரு வருடம் ஜோடி. ஹமுரா முன்னால் பாய்ந்து பந்தைப் பறிப்பான். கொமியாமா நாலடி பின்னால் நின்று, அவன் கோட்டை விட்டதையெல்லாம் சரிக்கட்டுவான். ஹமுரா திரும்பிப் பார்க்கிற ரகமே இல்லை. "நீ முன்னாடி பாரு, பின்னாடி நான் இருக்கேன்!" என்று ஆட்டத்துக்கு ஆட்டம் தொண்டை கிழியக் கத்தியவன் கொமியாமா. கைதட்டல் வாங்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேசிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பறித்தவனைப் பார்த்தார்கள், கத்தியவனைப் பார்க்கவில்லை. ஹமுரா நாற்பத்தோரு முறை தேசிய அணியின் நீலச் சட்டை போட்டான். ரசிகர்கள் அவனுக்கென்று மேளம் கொட்டி ஒரு பாட்டே கட்டினார்கள். கொமியாமாவுக்குப் பாட்டு கிடையாது. பெயரைச் சொல்லி மூன்று தட்டு, அதோடு சரி. ஹமுரா ஓய்வு பெற்ற அன்று மைதானம் கொள்ளாத பூங்கொத்துகள். கொமியாமா ஓய்வு பெற்றது கிளப்பின் இணையப் பக்கத்தில் நான்கு வரி. அந்த நாலில் ஒரு வரி, அவன் ஹமுராவின் ஜோடி என்பது.

அதன் பிறகாவது ஆளுக்கொரு வழி என்று போயிருக்கலாம். விதி யாரை விட்டது? பெரிய அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆக எஸ் லைசென்ஸ் வேண்டும். அந்த வருடம் கிளப் ஒருவரைத்தான் சிபாரிசு செய்வதாக இருந்தது, ஹமுராவைச் செய்தது. கொமியாமா முட்டி மோதி அதே லைசென்ஸை வாங்க நான்கு வருடம் ஆயிற்று. வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் நாற்காலியில் ஹமுரா உட்கார்ந்திருந்தான். கொமியாமாவுக்குக் கிடைத்தது உதவிப் பயிற்சியாளர் வேலை. ஐம்பது வயதில் மறுபடியும் நாலடி பின்னால், மறுபடியும் அதே மச்சம்.

"ஹமுரா வீட்டு நாய்க்குப் பரிசு கிடைச்சாலும் உங்களுக்கு அன்னிக்குச் சோறு இறங்காது" என்பாள் அவன் மனைவி சிசுரு, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"எனக்கென்ன பொறாமை? அவன் கொடுத்து வச்சவன், அவ்வளவுதான்."

"அதைச் சொல்றப்போ ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?"

பொறாமைதான். அதில் ஒளிவுமறைவுக்கு என்ன இருக்கிறது? ஹமுராவின் கோட்டு அவன் தோளில் பாந்தமாக உட்காருவதைக் கண்டால் கொமியாமாவுக்கு வயிறு எரியும். பத்திரிகைக்காரர்கள் அவன் சொன்ன அரை ஜோக்குக்கு முழுதாகச் சிரிப்பதைக் கண்டால் எரியும். இத்தனைக்கும் ஹமுரா அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் எரிந்தது. கெடுதல் செய்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

அந்த வருடம் மினாசே இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக முடித்தது. முதல் டிவிஷனுக்கு ஏற ஒரே ஓர் இடம் பாக்கி, மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்தவர்கள் அதற்கு மோதினார்கள். அதற்கான கடைசி ஆட்டம் டிசம்பர் முதல் ஞாயிறு, சொந்த மைதானத்தில், ஐந்தாவதாக முடித்த தட்சுநோ அணியோடு. பட்டியலில் மேலே முடித்தவர்களுக்குச் சமன் ஆனாலே போதும் என்பது விதி.

ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு கிளப் தலைவர் கொமியாமாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். விலாங்கு மீன் சோறு வாங்கிக் கொடுக்கிற தலைவர் சும்மா வாங்கிக் கொடுப்பதில்லை.

"இந்தத் தடவையும் ஏறலைன்னா ஸ்பான்சருங்க சும்மா இருக்க மாட்டாங்க கொமியாமா. ஆளை மாத்தித்தான் ஆகணும்."

"அப்படியா சார்?"

"வெளியூர்ல எதுக்குத் தேடணும்? லைசென்ஸ் உங்ககிட்டயே இருக்கு. என்ன, சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?"

கொமியாமா சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். ஹமுரா ஜெயித்தால் ஹமுராவுக்கு நாற்காலி, தோற்றால் தனக்கு. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தன் அணி தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

எதிரணியின் கார்னர் கிக்கைத் தடுப்பது அவனுடைய இலாகா. தட்சுநோவின் ஒரு வருடத்து ஆட்டங்களைக் கிளப்பின் பொதுக் கணினியில் ஓட்டிப் பார்த்தவனுக்கு ஒரு புதையல் கிடைத்தது. கார்னர் அடிக்கிற இடதுகால்காரன் வழக்கமாகப் பந்தைக் கோல் வாசலுக்குத் தூக்கி அடிப்பான். ஆனால் அடிப்பதற்கு முன் குனிந்து இடதுகால் சாக்ஸை இழுத்து விட்டானென்றால் பந்து தூக்கி வராது. தரையோடு பின்னால் போகும், பெனால்டி பெட்டிக்கு வெளியே தனியாக நிற்கும் பதினான்காம் எண்ணுக்கு. வருடம் முழுக்கப் பதினேழு தடவை. பதினேழிலும் சாக்ஸ். வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. கொமியாமா அந்தப் பதினேழையும் வெட்டி ஒட்டி, 'சாக்ஸ்' என்று பெயர் வைத்துச் சேமித்தான். அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே நேர்த்தியான வேலை அது.

பிறகு ஆட்டக்காரர்களுக்கான குறிப்பில் அதைச் சேர்க்காமல் விட்டான். கணினியிலிருந்தும் அழித்திருப்பான், மனம் வரவில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் இருக்கட்டும் என்று வைத்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டிக் கொமியாமா பேசி முடித்ததும் ஹமுரா பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டான்.

"கார்னர்ல வேற ஏதாவது இருக்காடா?"

"இல்ல. அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அதான் இல்லைன்னேனே."

ஹமுரா ஒரு கணம் அவனைப் பார்த்தான். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டான்.

ஞாயிறன்று பனியும் மழையும் கலந்து கொட்டியது. பதினாலாயிரம் பேர் மழைக்கோட்டுக்குள் நின்று கத்தினார்கள். சுடச்சுடப் பன்றிக்கறி சூப் விற்றவர்களுக்குத்தான் யோகம். ஆட்டம் கோலில்லாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. சமன் போதுமென்று மினாசே ஆட்டக்காரர்கள் வாசலுக்கு முன்னால் கூட்டமாகக் குந்திக்கொண்டார்கள். தொண்ணூறு நிமிடம் முடிந்து, கூடுதல் நேரத்தில் மூன்றாவது நிமிடம் தட்சுநோவுக்குக் கார்னர் கிடைத்தது.

கார்னர் என்றால் ஹமுரா பின்னால் நகர்ந்துகொள்வான், கொமியாமா எல்லைக்கோட்டருகே வந்து கட்டளை கொடுப்பான். அதுதான் அவர்களுடைய வழக்கம். கொமியாமா போய் நின்றான். கொடிக்கம்பத்தடியில் இடதுகால்காரன் பந்தை வைத்தான். இரண்டடி பின்வாங்கினான். குனிந்தான்.

சாக்ஸை இழுத்து விட்டான்.

ஒரு வார்த்தை போதும். பதினோரு வருடம் கத்திப் பழகிய தொண்டை அது. கொமியாமா வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் பனிநீர் விழுந்தது. விலாங்கு மீனின் ருசி நினைவுக்கு வந்தது, நாற்காலி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பந்து தரையோடு பின்னால் உருண்டது. பதினான்காம் எண் தனியாகத்தான் நின்றான், காலை ஓங்கினான். அப்போது கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிவந்தான் மினாசேயின் இளம் தடுப்பாட்டக்காரன் ஒகினோ. பந்தை உதைக்கும் முன்பே ஓடத் தொடங்கியவனைப்போல வந்து, குறுக்கே விழுந்து, தொடையில் வாங்கினான். பந்து எகிறி விளம்பரப் பலகையில் மோதியது. கடைசி விசில் ஒலித்தது. மினாசே முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது.

எல்லோரும் ஹமுராவை நோக்கி ஓடினார்கள். கொமியாமா மட்டும் நொண்டிக்கொண்டு வந்த ஒகினோவின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"டேய், உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன கொமியாமா சார், நீங்களே இப்படிக் கேக்கறீங்க? காலையில பெரிய கோச் கூப்பிட்டு உங்க வீடியோவைக் காட்டினாரே! பதினேழையும் பாத்தேன். சாக்ஸை இழுத்தா ஓடிடுன்னார்."

"எனக்கு... என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"எல்லாருக்கும் தெரிஞ்சா எதிராளி மோப்பம் பிடிச்சுடுவான், அதனால ஒருத்தனுக்கு மட்டும் சொல்லச் சொல்லி நீங்கதான் ஐடியா குடுத்தீங்கன்னார். எப்பேர்ப்பட்ட கண்ணு சார் உங்களுக்கு! எங்கம்மா சத்தியமா, என் பையனுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்."

பையன் முகத்தில் பொய் இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லு என்று ஹமுரா கேட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறான். இன்று கோட்டருகே இவன் நின்றபோதும், பின்னால் நின்று இவனுடைய குரலுக்குக் காது கொடுத்திருப்பான்.

"வாங்க சார், தூக்கணும்!" என்று யாரோ இழுத்தார்கள். ஜெயித்தால் தலைமைப் பயிற்சியாளரை ஆட்டக்காரர்கள் மல்லாக்கப் படுக்க வைத்து ஆகாயத்தில் தூக்கிப் போடாமல் விடமாட்டார்கள். உயரமானவன் என்று கொமியாமாவைத் தலைமாட்டில் நிறுத்தினார்கள். அவன் கைகள் ஹமுராவின் பின்னங்கழுத்துக்கு அடியில் போயின. மச்சம் விரலில் தட்டுப்பட்டது. "ஒண்ணு!" என்று கத்தித் தூக்கிப் போட்டார்கள். தொண்ணூறு கிலோ ஆள் மேலே போய்க் கீழே வந்தான். தான் கையை விலக்கினால் என்ன ஆகும் என்று கொமியாமாவுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஐந்து தடவையும் வந்தது. ஐந்து தடவையும் பிடித்தான்.

தரையில் இறங்கிய ஹமுரா டையைச் சரிசெய்துகொண்டு கத்தினான். "கொமியாமாவையும் தூக்குங்கடா!"

"வேண்டாம். என்னை விடுங்க. நான் எதுக்கு?"

அடக்கம் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நெஞ்சாரச் சொல்கிறான் என்று யாருக்குத் தெரியும்? இருபது கைகள் அவனைச் சாய்த்தன. கடைசியாக இரண்டு கைகள் அவனுடைய பின்னங்கழுத்துக்கு அடியில் வந்தன. அவை யாருடையவை என்று பார்க்கத் தேவையில்லை. மைதானத்துத் தரை குளிரில் கல்லாக இறுகிக் கிடந்தது.

"டேய்... தெரிஞ்சும் ஏன்டா?" என்றான் மெதுவாக.

ஹமுரா அவன் காதருகே குனிந்தான். கேமராக்களுக்காகச் சிரித்துக்கொண்டேயிருந்தான். குரலில் மட்டும் சிரிப்பில்லை.

"கடைசி நிமிஷம் வரைக்கும் நீ கத்துவேன்னு நெனச்சேன்டா." கைகளைச் சரியாக வைத்துக்கொண்டான். "சரி, மேல பாரு. பின்னாடி நான் இருக்கேன்."

தூக்கிப் போட்டார்கள். பனி முகத்தில் அறைந்தது. பதினாலாயிரம் பேர் அவன் பெயரைக் கத்தினார்கள். ஹமுராவின் பாட்டையே எடுத்து அவன் பெயரைப் போட்டுப் பாடினார்கள். இருபது வருடம் ஏங்கியது அதற்குத்தான். அது காதில் விழுந்தபோதும் அவன் மனம் கீழே இருந்த இரண்டு கைகளிலேயே கிடந்தது. இரண்டாம் தடவை போனபோது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்து, பாட்டு, நாற்காலி எல்லாம் எடுத்துக்கொண்டவன் கடைசியில் பெருந்தன்மையையும் எடுத்துக்கொண்டானே! தனக்கென்று எதை விட்டுவைத்தான்?

மூன்றாம் தடவை மேலே போனபோது கொமியாமா கண்ணை இறுக மூடிக்கொண்டான். அந்தக் கை ஒரு தடவையாவது விலகட்டும், தரையில் விழுந்து எலும்பு முறிந்தாலும் பரவாயில்லை, இவனும் என்னைப்போல ஆள்தான் என்று ஆகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

விலகவில்லை. நாலாவது தடவையும் ஐந்தாவது தடவையும் கழுத்துக்கு அடியில் சரியாக வந்து பிடித்தது.