ஒரு பையை மட்டும் சோதித்தார்கள்

இலவசம் என்று யாராவது சொன்னால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். சிரித்துக்கொண்டே ஏறி, இறங்கும்போது சில்லறை இல்லை என்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அதனால் என் மகள் திரிஷாவின் பள்ளிக்கு ரோபோ வகுப்பு வருகிறது, காலணா செலவில்லை என்று சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. எவனும் சும்மா கொடுக்கமாட்டான்.

பெற்றோர் கூட்டத்தில் பயிற்சியாளர் விக்னேஷ் பேசினார். சென்னையிலிருந்து வந்த இளவட்டம். கழுத்தில் அட்டை, காலில் வெள்ளை ஷூ.

"இனிமே எல்லா வேலையையும் மெஷின்தான் செய்யப்போவுது. உங்க பசங்க அந்த மெஷினுக்கு வேலை சொல்ற ஆளா இருக்கணும்" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன். "அப்போ ஆட்டோ ஓட்றது, சார்?"

"அதுக்கெல்லாம் இன்னும் டைம் இருக்குது அண்ணா" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இல்லை என்று அந்த ஆள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? டைம் இருக்கிறதாம்.

என் பிழைப்பில் மண்ணைப் போடுகிற வித்தையை என் பெண்ணுக்கே கற்றுத் தருகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். திரிஷா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்த வகுப்பு என்றால் உயிர். உள்ளங்கை அளவில் ஒரு வண்டி. தரையில் கறுப்புக் கோடு ஒட்டினால் அதன் மேலேயே பிசகாமல் ஓடும். எப்படி ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதித் தருவது இவள். ஒயர்களை இணைப்பது இவளுடைய தோழி காயத்ரி, பட்டு நெய்கிற கலியாணசுந்தரத்தின் மகள். சென்னையில் நடக்கும் போட்டிக்கு இந்த இரண்டு பெண்களையும்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வேன். சோற்றில் கை வைத்துக்கொண்டு இவள் அதையே பேசுவாள். அதைக் கேட்டுக்கேட்டு எனக்கும் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்.

புதன்கிழமை ஸ்டாண்டில் இருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கூப்பிட்டால் நல்லதுக்கா இருக்கும்?

தலைமையாசிரியை கலைவாணி மேடத்தின் அறையில் திரிஷா சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடைய பை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. டிபன் பாக்ஸ், சீப்பு, வயசுப்பெண் மறைவாக வைத்திருக்கிற சாமான்கள்கூட எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தன. பக்கத்தில் அந்தக் குட்டி வண்டி. 

"இன்னா மேடம் இது?"

"உக்காருங்க டேனியல். சார் சொல்லுவாரு."

விக்னேஷ் தொண்டையைச் செருமினார். "வண்டி செத்துப்போச்சு அண்ணா. போன வாரம் உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு போச்சு. புதுசு மாத்தினேன். இன்னைக்கு இதுவும் போச்சு. யாரோ நல்ல போர்டை எடுத்துக்கினு, கெட்டுப்போனதை வச்சிட்டாங்களோன்னு ஒரு டவுட்டு. கடைசியா தொட்டது இவங்கதான்."

"இவங்கன்னா?"

"திரிஷாவும் காயத்ரியும்."

"ரெண்டு பேர் தொட்டாங்க. மேசைமேல ஒரு பைதான இருக்குது?"

விக்னேஷ் மேடத்தைப் பார்த்தார்.  மேடம், "காயத்ரி வீட்டைப் பத்தி எங்களுக்குத் தெரியும்பா" என்றார்.

"எங்க வீட்டைப் பத்தி இன்னா தெரியும் மேடம்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். அது போதாதா? நாங்கள் எந்தத் தெரு, எங்கள் அப்பன் யார் நிலத்தில் கூலிக்குக் குனிந்தான் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் விக்னேஷ் பக்கம் திரும்பினேன். "மட்டமான சரக்கை வாங்கி வச்சிட்டு பசங்க மேல பழி போடறியா? இலவசம்னு சொன்னப்பவே நெனச்சேன்!"

கத்தினேனே தவிர, என் கண் திரிஷாவின் மேலேயே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் கெட்டுப்போன ரேடியோவைக் கண்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி ஓடுகிற பெண். தன் வண்டி செத்துக் கிடக்கும்போது கிட்டேகூடப் போகாமல் நிற்கிறாளே, ஏன்? அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் என் புத்திக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"பாப்பா, அப்பாகிட்ட உண்மையைச் சொல்லு. எடுத்தியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.  பிறகு விக்னேஷிடம், "சார், வண்டியை நீங்களே கழட்டுங்க. போர்டுக்கு அடியில பாருங்க. நான் தொடமாட்டேன். காயத்ரியும் வரட்டும்" என்றாள்.

காயத்ரி வந்தாள். விக்னேஷ் திருகாணிகளைக் கழற்றிப் போர்டைத் தூக்கினார். அடியில் ஒயர்கள் எல்லாம் ஒரே கொத்தாக, சீவி முடித்த சடைபோல அழகாகக் கட்டப்பட்டிருந்தன. கட்டிய நூல் பளபளவென்று மின்னியது.

"நீட்டாத்தானே இருக்குது?" என்றார்.

"அந்த நூல்ல கரண்ட் போவுதான்னு மீட்டரை வச்சுப் பாருங்க சார்."

மீட்டரின் இரண்டு ஒயர் முனைகளையும் நூலில் வைத்தார். மீட்டர் கீச்சென்று கத்தியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பட்டுப்புடவைக்குப் போடுகிற ஜரிகை அது. பார்க்க நூல், மேலே சுற்றியிருப்பது வெள்ளி. முடிச்சின் நுனி போர்டின் கம்பிக் கால்கள்மேல் படிந்து, கரண்ட் குறுக்கே பாய்ந்து போர்டு எரிந்திருக்கிறது.

காயத்ரி கண்ணைக் கசக்கினாள். "நான்தான் சார் கட்டினேன். ஒயரு தொங்கிக்கினு இருந்துது. எங்க வீட்ல தறியில ஒரு இழை தொங்கினாக்கூட அப்பா விடமாட்டாரு. அதான் வீட்லேர்ந்து துண்டு ஜரிகை எடுத்தாந்து கட்டினேன். போர்டு மாத்தினப்ப நீங்க சாதா நூல்னு நெனச்சு அவுத்துட்டீங்க, மறுபடியும் கட்டினேன்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டு நெய்யிற வீட்டுப் பொண்ணு வேற எதால கட்டும்! அழாதேம்மா, தெரியாம பண்ணிட்ட." விக்னேஷும் சிரித்தார். இதுவும் ஒரு பாடம்தான் என்றார். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. "இந்தப் பொண்ணு பையைக் கொட்டிப் பாக்கலையா மேடம்?"

"ஏம்பா, அது அறியாம பண்ணதுப்பா."

"என் பொண்ணு எதுவுமே பண்ணலையே!"

மேடம் பையை என் பக்கம் நகர்த்தினார். "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போவலாம், சந்தோஷமா?" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் ஒருவர் வாயிலும் வரவில்லை. திரிஷா தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள். காயத்ரி உதவ வந்தபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆட்டோவில் வேறு யாரையும் ஏற்றவில்லை. பெரிய தெரு தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "ஜரிகைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்து சாயந்திரமே பார்த்துட்டேன்."

"அடிப்பாவி! பார்த்ததும் அவுத்து சார்கிட்ட காட்டறதுதானே? இவ்ளோ அசிங்கம் தேவையா? போட்டியே கையைவிட்டுப் போயிருக்கும்!"

"காயத்ரியையே அவுக்கச் சொல்லலாம்னு இருந்தேன். காலையில அவ வர்றதுக்குள்ள சார் வண்டியை எடுத்துக்கினு போயிட்டாரு."

"நீயே அவுத்திருக்கலாம் இல்ல?"

"அது வெள்ளிப்பா. என் கையில வெள்ளி ஜரிகை இருந்தா எங்கேர்ந்து வந்துதுன்னு கேப்பாங்க. காயத்ரி கட்டினான்னு சொன்னா நம்புவாங்களா?"

"ஏன் நம்பமாட்டாங்க?" என்றேன், வீம்புக்கு.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழவில்லை.

"எடுத்தியான்னு நீயே கேட்டியேப்பா" என்றாள்.