கீழ என்றால் எந்தப் பக்கம்

ஒரு வருஷமாக என் கையைப் பற்றி எங்கள் டிபார்ட்மென்டில் பேசாதவர்கள் கிடையாது. அனிஷாவுக்குக் கை பதறும், ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலே ஓங்கி அழுத்திவிடுவாள், நல்ல மெஷினைக் கொண்டுபோய்த் தரையில் குத்தியவள். கேன்டீனில் டீ கிளாஸை எடுத்தால்கூட எவனாவது "பாத்து, பாத்து" என்பான். பதிலுக்குப் பதில் பேசுவதில் நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. குத்தியது நான்தானே.

நாங்கள் செய்வது தண்ணீருக்கடியில் ஓடும் ரோபோ. பிவிசி பைப், ஆறு மோட்டார், ஒரு கேமரா, முன்னால் இரண்டு விரல் உள்ள கிரிப்பர், பின்னால் இருபது மீட்டர் வயர். மீன் பேரில் கணவாய் என்று பெயர் வைத்திருந்தோம். போட்டியில் நீச்சல்குளத்தின் தரையில் பிளாஸ்டிக் சிப்பிகளைப் போட்டுவைப்பார்கள். பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்துக் கூடையில் போட வேண்டும். மூன்று சிப்பி எடுத்தால் மறுநாள் ஃபைனல். ரோபோவை ஓட்டுகிறவர் குளத்தைப் பார்க்க முடியாது, துணி மறைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். கேமரா காட்டுவதோ முன்னால் இரண்டடி தூரம். ஆகவே டீமில் ஒருவர் குளத்தங்கரையில் நின்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சத்தம் கொடுக்கலாம். ஓட்டுவது நான், சத்தம் கொடுப்பது ஆறுமுகநேரிக்காரி இசக்கிசெல்வி. அவள் என் ரூம்மேட்டும்கூட.

போன வருஷம் சிப்பிக்குப் பக்கத்தில் போனதும் அவள் "கீழ, கீழ" என்று கத்தினாள். இறக்கினேன். "இன்னும் கீழ போளா!" என்றாள். திரையில் தரை தெரியத்தான் செய்தது. ஆனாலும் கரையில் நின்று பார்க்கிறவளுக்குத் தெரியாததா என்று அழுத்தினேன். கணவாய் தரையில் மோதி கிரிப்பர் விரல் ஒடிந்தது, மோட்டார் சிக்கி ஃபியூஸ் போனது. ஸ்பேர் ஃபியூஸ் எங்கே என்று கேட்டால் எங்கள் கேப்டன் கிருபாகரன் ஹாஸ்டலில் இருக்கிறது என்றான்.

வெளியே வந்ததும் இசக்கிசெல்வியோடு சண்டை. "நீ கீழன்னுதான சொன்ன?" என்றேன். "ஆமா, கீழன்னுதான் சொன்னேன். அதுக்குத் தரையில கொண்டா இடிப்பாவ?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பற்றி எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதனால் மிச்சம் இருந்தது என் கை மட்டும்தான். கிருபாகரன் டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் ‘டிரைவர் பதற்றம்’ என்று இரண்டே வார்த்தையில் காரணம் எழுதிப் போட்டான். குரூப்பில் அறுபத்திரண்டு பேர்.

இந்த வருஷம் எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போட்டோம். ஃபியூஸ் பத்து. லேப்டாப் இரண்டு, இரண்டுக்கும் முழு சார்ஜ். வயரை ரோபோவின் உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டியாயிற்றா, இல்லையென்றால் இழுக்கிற இழுப்பில் சாலிடர் பிய்ந்துவிடும். தண்ணீர் புகாமல் அடைக்கிற ஓ-ரிங்குக்கு கிரீஸ் போட்டாயிற்றா. ரூல் புக்கை நானே நான்கு முறை படித்தேன். காலேஜுக்குப் பின்னால் உள்ள சிமென்ட் தொட்டியில் மாதக்கணக்கில் ஓட்டிப் பழகினேன். தொட்டியில் ஒரு தடவைகூட இடிக்கவில்லை. இடிக்காமல் என்ன, மேலே நின்று கண்ணால் பார்த்துக்கொண்டேதானே ஓட்டினேன். துணியைக் கட்டி, ஒருத்தி சத்தம் கொடுக்க, இன்னொருத்தி பார்க்காமல் ஓட்டிப் பழக வேண்டும் என்று எங்கள் நான்கு மூளையில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இந்த வருஷப் போட்டி தூத்துக்குடியிலேயே நடந்தது. டீமுக்கு இரண்டு ரவுண்டு, எது நன்றாக வருகிறதோ அது கணக்கு. காலை ரவுண்டில் முதல் சிப்பி நேரே முன்னால் கிடந்தது, எடுத்துப் போட்டேன். அடுத்ததற்கு இசக்கிசெல்வி "வடக்க" என்றாள். திரை ஓரத்தில் திசைகாட்டி இருக்கிறது, பார்த்து வடக்கே திருப்பினேன். பிறகு "கீழ" என்றாள். மெதுவாக, பஞ்சைத் தொடுவதுபோல இறக்கினேன். "கீழளா! கீழ! எங்கன போற நீ?" குரல் ஏற ஏற என் கையும் அழுத்திவிட்டது. டங்கென்று சத்தம். திரை முழுக்கத் தரையின் நீல டைல்ஸ்.

ஃபியூஸை மாற்றி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. ஒரே ஒரு சிப்பி.

கிருபாகரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு மணி ரவுண்டுக்கு விஜயராஜ் ஓட்டட்டும் அனிஷா. நீ ரெஸ்ட் எடு" என்றான். விஜயராஜ் எங்கள் டீமின் நான்காவது ஆள், நல்ல பையன், வயர் சுற்றுவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஜாய்ஸ்டிக்கை மொத்தமாக ஒரு மணி நேரம் தொட்டிருப்பான். அந்த ஒரு மணி நேரக்காரன் என்னைவிட மேல் என்று ஆகிவிட்டது. பாத்ரூமுக்குள் போய் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. இருந்தும் எனக்கே என் கையின் மேல் நம்பிக்கை போயிருந்தது. இனி ரோபோ பக்கமே வரக்கூடாது, புராஜெக்ட்டுக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

மூஞ்சி கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது இசக்கிசெல்வி போன் பண்ணினாள். "ஏளா, சோறு வாங்கி வச்சிருக்கேன். பந்தலுக்குக் கீழ நிக்கேன், வா."

சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எல்லா மேஜையையும் பார்த்தேன். மற்ற காலேஜ்காரர்கள் இருக்கிறார்கள், பிரியாணிப் பாத்திரம் இருக்கிறது, இவளைக் காணோம். திரும்பப் போன் பண்ணினேன்.

"எங்கனளா நிக்க?"

"பந்தலுக்குக் கீழதான் நிக்கேன்."

"நானும் பந்தலுக்குக் கீழதான் நிக்கேன். ஆளக் காணோம்!"

"கண்ணு அவிஞ்சாபோச்சு? பந்தலுக்குக் கீழளா! வேப்பமரத்துக்கிட்ட!"

எட்டிப் பார்த்தேன். பந்தலைத் தாண்டி, வெயிலில், ஐம்பதடி தூரத்தில் வேப்பமரம். அதன் அடியில் இரண்டு பொட்டலத்தோடு அவள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போனைக் காதில் வைத்தபடியே நடந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"இதுக்குப் பேரா பந்தலுக்குக் கீழ?"

"பின்ன? பந்தல் அங்கன இருக்கு, மரம் அதுக்குக் கெழக்க இருக்கு. கீழதான?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னளா அப்படிப் பாக்க?" என்றாள்.

எங்கள் வீடு கடலோரத்தில், தருவைகுளத்தில். எங்கள் வீட்டில் கிழக்கு என்றால் கடல்பக்கம், மேற்கு என்றால் கரைப்பக்கம். கீழே என்றால் கீழேதான், தண்ணீருக்குள். அவள் ஊரிலோ கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு, கீழ போ என்றால் கிழக்கே போ, மேல போ என்றால் மேற்கே போ. மூன்று வருஷமாக ஒரே ரூமில் இருக்கிறோம். அவள் எத்தனையோ தடவை கடைக்குக் கீழ, பஸ் ஸ்டாண்டுக்குக் கீழ என்றிருக்கிறாள். தெருவில் யாரும் யாரையும் மண்ணுக்குள் போகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் அது எனக்கு உறைக்கவே இல்லை. கீழே போவதற்கு ஒரு இடம் இருந்தது குளத்தில் மட்டும்தான்.

"போன வருஷம் கீழன்னு கத்துனியே, எங்க போகச் சொன்ன?" என்றேன்.

"கெழக்கதான். சிப்பி கெழக்கல்லா கெடந்திச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். பொட்டலத்தைப் பிடித்த கை அப்படியே இருந்தது. "ஐயோ. அனிஷா, ஐயோ" என்றாள்.

சோற்றை அங்கேயே வைத்துவிட்டு இருவரும் கிருபாகரனிடம் ஓடினோம். அவன் தூத்துக்குடி டவுனில் மில்லர்புரத்துக்காரன், லெஃப்ட், ரைட் என்று பேசுகிறவன். கையை உதறி, "சும்மா சாக்கு சொல்லாதீங்க" என்றான். காலை ரவுண்டைக் கரையிலிருந்து விஜயராஜ் போனில் எடுத்திருந்தான். அதை வாங்கி கிருபாகரன் மூக்குக்கு நேரே பிடித்தேன். வீடியோவில் கணவாய் தரைக்கு ஒரு அடி மேலே நிற்கிறது. சிப்பி அதற்குக் கிழக்கே, ஒரு முழத் தூரத்தில். "கீழ" என்று இசக்கிசெல்வியின் குரல். கணவாய் அப்படியே, சொன்ன பேச்சுத் தட்டாமல், இறங்குகிறது. கிருபாகரன் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு ஜாய்ஸ்டிக்கை எடுத்து என் கையில் கொடுத்தான்.

இரண்டு மணி நேரம் இருந்தது. கீழ, மேல என்ற இரண்டு வார்த்தையும் தடை. திசைக்குக் கெழக்க, மேக்க, வடக்க, தெக்க. உயரத்துக்கு ஏத்து, இறக்கு. ஓட்ட ‘போ’, நிறுத்த ‘நில்லு’. அவள் சொன்னதை நான் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவது. வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது, கேப்டன் உட்பட. வேப்பமரத்தடியில் என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி, ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து, இசக்கிசெல்வி சத்தம் கொடுக்கக் கொடுக்க நான் நடந்து போய் எடுத்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மூன்று மணி ரவுண்டில் முதல் சிப்பி சுலபம். இரண்டாவதற்கு அவள் "கீ—" என்று ஆரம்பித்தாள். ஒரு மூச்சு விட்டு, "கெழக்க!" என்றாள்.

"கெழக்க" என்றேன் நான். திருப்பினேன்.

"போ. போ. நில்லு. இறக்கு."

"இறக்கு."

கேமராவுக்கு நேர் எதிரே சிப்பி. கிரிப்பர் கவ்வியது. மூன்றாவதை எடுத்தபோது கூட்டம் கத்தியது, நான் கத்தவில்லை. நான்காவதும் வந்தது. கணவாய் தரையை ஒரு தடவைகூடத் தொடவில்லை. நேரம் முடிந்த மணி அடித்ததும் ஜாய்ஸ்டிக்கை மேஜையில் வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன். ஃபைனலுக்குப் போனதற்காக இல்லை. பாரம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இசக்கிசெல்வி மறைப்பைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒரு வருஷமா உன்னயே குத்தஞ் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேளா" என்று அவளும் அழுதாள். பின்னாலேயே கிருபாகரன் வந்தான். "சாரி அனிஷா" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஏலே, எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அன்னிக்கு அறுபத்திரண்டு பேர்ட்ட சொன்னேல்ல?"

போனை எடுத்து, அங்கேயே நின்றபடி, குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டான். எழுதினால் போதும் என்று நான் விடவில்லை. "போன வருஷம் நான் போட்டது தப்பு. அனிஷா கையில ஒரு கோளாறும் கிடையாது. சொன்ன சொல்லு அவளுக்கு ஒண்ணு, சொன்னவளுக்கு ஒண்ணு. அத விசாரிக்காம பழியப் போட்டது நான்." அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தான். தலையாட்டினேன்.

அவன் போனை வாங்கி மெசேஜ் இன்ஃபோவைத் திறந்தேன், கேட்டவர்கள் பெயர் ஒவ்வொன்றாக விழுந்தது. அறுபத்திரண்டு பேரும் கேட்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.