மூன்றாவது கொட்டேஷன்

மூன்றாவது கொட்டேஷன் வந்துவிட்டதா என்று அப்பா கேட்டபோது சின்னவள் அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகம் இழைப்புளியில் சுருண்டு விழும் மரச்சுருள் மாதிரி வளைந்து தடித்திருந்தது. நகவெட்டிக்கு அது மசியவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னக் குறடை எடுத்து, ஓரம் பார்த்து வைத்து, ஒரே நறுக்கு.

"இன்னும் வரலப்பா."

"ரெண்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்றார்.

காலையில் வந்த நர்ஸ், அம்மாவை வாசல்வரை அழைத்துப்போய், இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். உள்ளே வந்த அம்மா அதைச் சின்னவளிடம் அப்படியே சொல்லவில்லை. "அப்பாவுக்கு நகமெல்லாம் வெட்டி விட்டுடு" என்றாள்.

அப்பா முப்பத்துமூன்று வருஷம் ஓர் அலுவலகத்தின் சாமான் கிடங்குக்குச் சூப்பிரண்டாக இருந்தவர். துடைப்பமானாலும் பாய்லரானாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் அவர் பேனா மூடியைத் திறந்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'மூணு கொட்டேஷன்'தான். அது தன் காதுக்கு வந்தபோது அவர் கோபப்படவில்லை, பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டிலும் அதே சட்டம். சின்னவளுக்கு ஆறு வயதில் விடாமல் காய்ச்சல் வந்தபோது மூன்று டாக்டர்களின் கருத்தைக் கேட்டுத்தான் மருந்து என்றார். மூன்றாவது டாக்டரின் வாசலில் காத்திருக்கும்போதே காய்ச்சல் விட்டுவிட்டது. அதை அவர் முறையின் வெற்றி என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

ஓய்வு பெற்ற கையோடு தோட்டத்தில் இறங்கினார். புல் வெட்டும் மிஷின் வந்தது. ஏணி வந்தது. மண்வெட்டி, வாரி, சுருட்டிவைத்தாலும் சுருண்டு நிற்காத தண்ணீர்க் குழாய், உர மூட்டை எல்லாம் வந்தன. இவற்றையெல்லாம் வைக்கத் தோட்டத்து மூலையில் ஒரு ஷெட் வேண்டும். அதைக் கட்டுவதா, கட்டி முடித்ததைக் கடையில் வாங்குவதா? இந்தக் கேள்விக்கு ஒரு ஃபைல் திறந்தார். அன்றைக்கே தோட்டத்தின் மூலையில் நான்கு முளைக்குச்சிகள் அடித்து, கயிறு கட்டி, இதுதான் இடம் என்று அறிவித்தார்.

அது நடந்து பதினோரு வருஷம். கயிறு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாறியது. இடத்தைக் கலைக்கக் கூடாது என்பதால் அந்தச் சதுரத்துக்குள் மட்டும் புல் வெட்டுவதில்லை, அது முழங்கால் உயரத்துக்கு நின்றது. துணி காயப்போடப் போகிற அம்மா பதினோரு வருஷமாக, இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு போய்வந்தாள்.

சாமான்கள் தற்காலிகமாக வீட்டுக்குள் இருந்தன. நடையில் நீளவாக்கில் ஏணி, அதை ஒட்டிப் புல் மிஷின், கட்டிலுக்கு அடியில் குழாய், குளியலறையில் உரம். இடம் போதாமல் அம்மாவின் தையல் மிஷின் அண்ணன் வீட்டுக்குத் தற்காலிகமாகப் போனது. அண்ணி அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறாள்.

கொட்டேஷன் வராமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் முப்பது நாள். மூன்றாவது வந்து சேரும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும். அதைப் புதுப்பித்து வாங்குவதற்குள் இரண்டாவது போய்விடும். அண்ணன் வாங்கிவிடலாம் என்ற கட்சி. ஷெட் வாசலில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களை அவ்வப்போது அனுப்பிவைப்பான். கடைக்காரனுக்கு நம்ம ஏணியின் நீளம் தெரியுமா என்று அப்பா கேட்பார். சரி, கட்டலாம் என்றால், கட்டுவது என்று ஆரம்பித்தால் கட்டி முடியவேண்டுமே என்பார்.

சின்னவளும் ஒரு கொட்டேஷன் கொடுத்திருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்த புதிதில். (மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அப்பா, "மரம் சம்பந்தப்பட்ட துறை" என்பார்.) முளைக்குச்சிகளுக்கு நடுவே அளந்து, படம் வரைந்து, கூலி வேண்டாம், மரம் மட்டும் வாங்கித் தந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"சொந்தக்காரங்க கொடுக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார். "பாக்கலாம்."

அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு அவள் கதவு செய்துவிட்டாள். பிறந்த வீட்டில் ஒரு பலகை அடித்ததில்லை. நீயே கட்டு என்று அவர் ஒருதடவை சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. முதலில் அதை எதிர்பார்த்தாள். பிறகு எதிர்பார்க்காத மாதிரி இருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆனபிறகு அந்த மாதிரி இருப்பதற்கும் நேரமில்லை.

வலது கால் முடிந்து இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கால் கனக்கவே இல்லை.

"நான் கட்டட்டுமாப்பா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தாள்.

"கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?"

பதினோரு வருஷத்தில் விலை, தேதி, முத்திரை என்று எதையெதையோ கேட்டிருக்கிறார். கதவைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல்முறை. அவள் கையில் குறடு நின்றுவிட்டது.

"வெளிப்பக்கம்."

கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு ஏறி, நின்று, யோசித்து இறங்கியது.

"வெளிப்பக்கம்னா காத்துல அடிச்சுக்கும்."

"அப்ப உள்பக்கம் வச்சுடறேன்."

"உள்ள எடத்தை அடைக்குமே" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "பாக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலேகால் மணிக்கு அம்மா ஸ்பூனில் தண்ணீர் கொண்டுவந்து உதட்டருகே வைத்தாள். அது உள்ளே போகாமல் கன்னத்து வழியாக இறங்கியது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, ஸ்பூனைக் கொண்டுபோய்க் கழுவி, அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இடது காலில் மூன்று விரல் பாக்கி இருந்தது. சின்னவள் அதையும் வெட்டி முடித்தாள்.

அண்ணன் விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு போன்களோடு வந்து சேர்ந்தான். ஏதோ கம்பெனியில் மண்டல மேலாளர். அழுதான், உண்மையாகவே அழுதான். நடுவில் போன் வந்தபோது நிறுத்தி, பேசி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பிறகு தங்கையைத் தனியாக அழைத்தான்.

"கடைசியா அப்பா என்ன சொன்னாரு? நாளைக்கு நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

"கதவு காத்துல அடிச்சுக்கும்னு சொன்னாரு."

அண்ணன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. போனில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் காலை பந்தல்காரர் வந்தார். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று அண்ணன் போன் செய்திருந்தான். எங்கே போடுவது என்று அவர் கேட்டதற்குக் காதில் போனோடு தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான். பந்தல்காரரும் அவருடைய கூட்டாளியும் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். நான்கு முளைக்குச்சி, சுற்றிக் கயிறு.

"அளந்தே வச்சுட்டீங்களா, நல்லதாப் போச்சு" என்றார் பந்தல்காரர். முழங்கால் புல்லை மிதித்துத் தள்ளி, குச்சிக்கு ஒரு இரும்புக்காலாக நான்கு கால் நிறுத்தி, மேலே தார்ப்பாய் இழுத்து, மூன்று பக்கம் படுதா கட்டி, நாலாவது பக்கம் வாசலுக்கு ஒரு படுதாவைத் தளரத் தொங்கவிட்டார்கள். அடுக்களை ஜன்னல் வழியாக அம்மா ஆரம்பம் முதல் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இருபது நிமிஷம்" என்றாள் அம்மா.

அப்பாவை எடுக்கும்போதுதான் சிக்கல் வந்தது. நடையில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. வந்தவர்கள் முன்னே இழுத்துப் பார்த்தார்கள், பின்னே தள்ளிப் பார்த்தார்கள். புல் மிஷினின் கைப்பிடி வழியை மறித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அப்பாவை மறுபடி கட்டிலில் கிடத்திவிட்டு, முதலில் மிஷினை வெளியே கொண்டுபோகவேண்டியதாயிற்று. அதன் பின்னால் ஏணி. அதன் பின்னால் மண்வெட்டி, வாரி, குழாய். "தற்காலிகமா அங்க வைங்க" என்று அண்ணன் பந்தலைக் காட்டினான். எல்லாம் போய்ச் சேர்ந்தபிறகு அப்பா புறப்பட்டார்.

வண்டி கிளம்புவதற்கு முன்னால் பந்தலில் பேசினார்கள். ஏணிக்குக் கீழே இருவர், புல் மிஷினைச் சுற்றி நால்வர் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்றோர் சங்கத் தலைவர் எழுந்து, அன்னார் நேர்மைக்கு இலக்கணம் என்றார். அவர் கையெழுத்துக்காக ஒரு பாய்லர் ஏழு வருஷம் காத்திருந்ததைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். அந்த ஏழு வருஷமும் வெந்நீர் இல்லாமல் குளித்தவர்கள் யாரும் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு அண்ணன். அப்பா ஒரு ஞானி என்று ஆரம்பித்தான். இந்த உடம்பு ஒரு வீடு, உயிர் ஒரு காற்று, கதவு அடித்துக்கொள்கிறது என்று கடைசி நிமிஷத்தில் சொல்ல எத்தனை பேரால் முடியும் என்று கேட்டான். கூட்டம் தலையை ஆட்டியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னவள் புல் மிஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மாவின் தோள் இரண்டு தடவை குலுங்கியது. பின்னால் இருந்த ஒரு பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது அழுகையா வேறா என்று சின்னவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. நடை காலியாக, வேறு வீட்டு நடை மாதிரி அகலமாக இருந்தது. அம்மா அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து போனாள். ஒருக்களிக்காமல், நேராக. திரும்பி வந்தாள்.

அண்ணன் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் காகிதங்களைப் பிரித்துப் பரப்பியிருந்தான். ஷெட் ஃபைல் தடிமனாகத் தனியே கிடந்தது. "இதை நீ தூக்கிப் போட்டுடு" என்று தங்கையிடம் தள்ளினான். அப்பா ஞாபகமாக ஒரு ஷெட்டைத் தானே வாங்கி வைத்துவிடுவதாகச் சொன்னான். முன்பக்கம் பெயர்ப்பலகை, அதன் கீழே அந்தக் கடைசி வாசகம். வண்டியில் வரும்போதே மூன்று கடைக்குப் போன் செய்து கேட்டாகிவிட்டது.

"மூணு கொட்டேஷனும் கைல இருக்கு" என்றான். "ஒரு மணி நேர வேலை. இதுக்குப் போய் பதினோரு வருஷம்."

சின்னவள் ஃபைலைத் திறந்தாள். கடைக்காரர்களுடைய தாள்கள் எல்லாவற்றின்மீதும் 'காலாவதி' என்று குறுக்கே அடித்திருந்தது. அவளுடையது அடியில் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'உறவினர். பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள இயலாது.' அதற்குக் கீழே, 'செல்லுபடி ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது', தேதி, சுருக்கொப்பம். அதற்குக் கீழே அதே வாசகம், அடுத்த வருஷத்துத் தேதி. அதற்குக் கீழும் அதேதான். தாளின் ஓரம் போதாமல் கடைசி இரண்டு நீட்டிப்புகளைப் பின்பக்கம் எழுதியிருந்தார். போன மாதம் எழுதிய கடைசியில் எழுத்து கோணலாக இறங்கியிருந்தது. முதல் நீட்டிப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு குறிப்பு: 'சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கத் தேவையில்லை.'

அவள் ஃபைலை மூடி, நாடாவை முடிச்சுப் போட்டாள்.

"ஆர்டர் போட வேண்டாம்ணா."

"ஏன்?"

"கதவு இன்னும் முடிவாகல."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். போன் அடித்தது. எழுந்து வாசல் பக்கம் போனான்.

வெளியே வெளிச்சம் மங்கி, காற்று கிளம்பியிருந்தது. பந்தல்காரர் பிரிக்க வந்திருந்தார். படுதாவின் முதல் முடிச்சில் கை வைத்தவர், உள்ளே இருந்த ஏணியையும் மிஷினையும் பார்த்துவிட்டு, இவற்றை எங்கே நகர்த்துவது என்று கேட்டார். அடுக்களைப் படியில் நின்ற அம்மா, மழை வருகிறது, நாளைக்கு வந்து பிரியுங்கள் என்றாள். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகவேண்டும் என்றார் அவர். அம்மா குளியலறைக்குள் போனாள். உர மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பந்தல்காரர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக அதை ஏணிக்குப் பக்கத்தில் சேர்த்தார்கள். "நாளன்னிக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. சின்னவள் நனைந்துகொண்டே தோட்டத்தைக் கடந்து வந்தாள். வாசல் படுதா காற்றில் வெளிப்பக்கமாகத் தூக்கி, இரும்புக்காலில் படீர் படீரென்று அடித்துக்கொண்டிருந்தது. சற்றுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருதடவை அடிப்பதற்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்ப்பவள் போல. பிறகு படுதாவின் நுனியைப் பிடித்து உள்பக்கம் இழுத்துப் பார்த்தாள். ஏணிக்கும் மிஷினுக்கும் நடுவே அது மடங்கி நிற்க ஒரு முழம் இடம் இருந்தது. நுனியைப் புல் மிஷினின் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.

சத்தம் நின்றது. அளவு குறிக்கக் காதில் செருகிக்கொண்டு வந்திருந்த பென்சிலை எடுத்தாள். அது நனைந்திருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி செருகிக்கொண்டாள்.