ஏழு பி-யின் பக்கம் ஏன் காலியாக இருந்தது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாக எழுதலாம்.

நான் பகலில் அச்சகத்தில் பிழைதிருத்துபவன், மற்ற நேரத்தில் கதை எழுதுபவன். என் கதைகளை நல்ல நாளில் ஏழு பேர் படிப்பார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர், படிக்காமலே பிரமாதம் என்பார். என் மனைவி ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. வாழ்க்கையில் ஒரு கதை எழுதியதில்லை. அவள் எழுதியதை முப்பத்தெட்டுப் பேர் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட அதிகமாகப் பெருமை பொங்கியது. இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்:

"அன்று பள்ளி மணி ஒலித்தபோது, விதி தன் விரல்களால்—" (வேண்டாம். விதிக்கு வேறு வேலை இருக்கும்.)

"இணையம் என்னும் பெருவெளியில் ஒரு சிறு—" (ஐயோ, வேண்டாம்.)

"என் மனைவிக்குப் பேச்சு நின்றுபோனது."

இது உண்மை. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

பத்தொன்பது வருடம் கத்திப் பாடம் நடத்தியதில் அவள் தொண்டையில் முடிச்சு விழுந்துவிட்டது. ஆறு வாரம் ஒரு சொல் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். "பேசினீங்கன்னா அப்புறம் பேசவே முடியாமப் போயிடும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நான்தான் அவளைப் பேசவைப்பவன் போல.

(வீட்டில் சண்டைகூட எழுத்தில்தான் நடந்தது. அவள் எழுதி முடிப்பதற்குள் என் கோபம் ஆறிவிடும். அவளுக்கு ஆறாது. அடிக்கோடு போடுவாள்.)

பள்ளியில் தலைமையாசிரியை, ஆறு வாரம் நூலகத்தில் உட்காருங்கள், ஏழு பி-யை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஒருமுறை கைமாறினால் வகுப்பு திரும்ப வராது என்பது அவளுக்குத் தெரியும். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் காகிதத்தில் எழுதினாள்: "என் கிளாஸை விடமாட்டேன்." மூன்று அடிக்கோடு.

3

இங்கே விசில் வருகிறார். விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அந்தப் பெயர். பள்ளியில் இணையப் பக்கம் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், கைப்பந்து அணிக்காக ஒன்று செய்து வைத்திருந்தார். அதில் எல்லா எழுத்தும் கண் சிமிட்டும்.

கணினி அறையில் இருவரும் நான்கு மாலை உட்கார்ந்தார்கள். அவர் வாயால் பேசுவார், அவள் கையால் பதில் எழுதுவாள். கண் சிமிட்டுவது கூடாது என்பதற்கே ஒரு மாலை போயிற்று. கடைசியில் கரும்பலகை போல அடர்ந்த பச்சையில், வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு பக்கம் தயாரானது. மேலே "ஏழு பி". கீழே இன்றைய பாடம், வீட்டுப்பாடம், கேள்விப் பெட்டி. வகுப்பில் அதைத் திரையில் காட்டுவார்கள். அவள் முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்யச் செய்ய, பிள்ளைகள் படிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், கை தூக்கிக் கேட்பார்கள். அவள் பதிலையும் தட்டச்சு செய்வாள். வீட்டுக்குப் போனபின் திரும்பப் பார்க்க வேண்டுமானால் அதே பக்கத்தைத் திறக்கலாம்.

தலைமையாசிரியை இரண்டு வாரம் கொடுத்தார். பிறகு பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

(இவரை முதல் வரைவில் கொடுமைக்காரி ஆக்கியிருந்தேன். தங்கப்பிரேம் கண்ணாடி, முறைப்பு, எல்லாம் இருந்தது. வரைவைப் படித்த என் மனைவி ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினாள்: "அவங்க கண்ணாடியே போடமாட்டாங்க. நாற்பது டீச்சரை வெச்சு மேய்க்கிறாங்க. உங்களால ஒரு பூனையை மேய்க்க முடியுமா?" எடுத்துவிட்டேன்.)

4

இரண்டாம் வாரம் முடிந்த சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு என் போன் அடித்தது. மனைவி பேச முடியாததால் அவளுக்கு வரும் அழைப்பெல்லாம் எனக்குத்தான். தலைமையாசிரியை பேசினார். மூன்று பெற்றோர் புகார் சொல்லியிருக்கிறார்களாம். அவரும் திறந்து பார்த்தாராம்.

"பக்கத்துல ஒண்ணுமே இல்ல. தேதி மட்டும் இருக்கு. பத்து நாள் என்ன நடத்தினாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. திங்கக்கிழமை மூணு மணிக்கு நான் முடிவெடுக்கணும்."

நானும் திறந்தேன். பச்சைப் பலகை, தேதி, வேறொன்றும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மாதிரி என்ன, துடைத்தேதான் விட்டிருந்தார்கள். என் மனைவியிடம் பாடமெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"அழிச்சிட்டேன்," என்று எழுதினாள்.

எதற்கு என்றேன். சாப்பிட்ட தட்டை எதற்குக் கழுவினாய் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "பீரியட் முடிஞ்சா போர்டை அழிக்காம வருவாங்களா?"

கேள்விக்குறியைப் போட்டதும் கை நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாசகரே, இந்தத் தவறை நீங்களோ நானோ செய்ய முடியாது. அதற்குப் பத்தொன்பது வருடம் ஆசிரியையாக இருக்க வேண்டும். அடுத்து வருபவருக்குப் பலகையைச் சுத்தமாக விட்டுவிட்டு வருவது அவர்கள் பள்ளியில் எழுதப்படாத சட்டம். பாடம் முடிந்ததும் ஒவ்வொரு நாளும் அவள் எல்லாவற்றையும் அழித்து, தேதியை மாற்றி, சேமித்துவிட்டு எழுந்திருக்கிறாள். அதை அவ்வப்போது பார்த்த விசிலுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஆட்டம் முடிந்தால் பந்தை எடுத்து அறையில் பூட்டும் ஆள் அவர். ஞாயிறு முழுக்கத் தேடிப்பார்த்தார். பழைய பாடம் எங்கேயும் இல்லை. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. நான் ஆறுதலாக ஏதேதோ சொன்னேன். பேசாமல் இருக்க வேண்டியவன் நான்தான் என்று தோன்றியது.

5

இந்த இடத்தில் கதைக்கு மூன்று பாதை இருந்தது. விசில் ஏதோ மாயம் செய்து பாடங்களை மீட்கிறார். (பொய்.) தலைமையாசிரியை மனமிரங்குகிறார். ("மிகை", சிவப்பு மை.) மூன்றாவது பாதையை நான் யோசிக்கவில்லை. அது நடந்தது, அவ்வளவுதான்.

திங்கள் முதல் பீரியட். திரையில் அவள் தட்டச்சு செய்தாள்: "பத்து நாள் பாடத்தையும் நான் அழித்துவிட்டேன். தவறு என்னுடையது. என்னிடம் எதுவும் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?"

முப்பத்தெட்டு நோட்டுகள் திறந்தன. பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று பழக்கியவளும் அவள்தானே. விசில் தன் பீரியடை விட்டுக்கொடுத்தார். அன்று ஏழு பி மைதானத்துக்குப் போகவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை. கணினி அறையில் ஒரு கணினிக்கு மூன்று பேர், ஒருவர் வாசிக்க ஒருவர் தட்ட ஒருவர் சரிபார்க்க என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்து படங்களைத் திரும்ப வரைந்தார்கள், விசில் அவற்றைப் படம்பிடித்து ஏற்றினார். இரண்டே முக்காலுக்குப் பத்து நாளும் பக்கத்தில் வரிசையாக இருந்தன.

பிள்ளைகள் எழுதியதில் ஒன்றையும் விடவில்லை. வேர் நீரை உறிஞ்சுவதைப் பற்றிய பாடத்தின் நடுவில், "மூன்றாம் வரிசை, பேச்சைக் குறை" என்று ஒரு வரி. இலையின் படத்துக்குக் கீழே, "ஜன்னலை யாராவது சாத்துங்கள், மழை". அவள் பேச முடியாமல் திரையில் சொன்னதெல்லாம் அவர்களுக்குப் பாடம்தான்.

தலைமையாசிரியை தன் அறையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். அரைமணி நேரம் ஆயிற்று. என் மனைவியும் விசிலும் எதிரே நின்றார்கள். மூன்றாம் வரிசை வந்த இடத்தில் அவர் வாய்க்குள் சிரித்ததாக விசில் சொல்கிறார். என் மனைவி இல்லை என்கிறாள்.

"கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும், டீச்சர்," என்றார். "இனிமே அழிக்காதீங்க."

6

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வாசகருக்குக் குரல் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். எனக்கும்தான்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் போனோம். உள்ளே அவளை ‘ஆ’ சொல்லச் சொல்லியிருக்கிறார். நான் வெளியே இருந்தேன். ‘ஆ’ ஒரு சொல்லாகாது, கணக்கில் சேராது. முடிச்சு கரைந்துவிட்டது, மெதுவாகப் பேசலாம் என்றார். பேருந்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீட்டில், "ஏதாவது சொல்லேன்," என்று கேட்டே விட்டேன்.

காகிதத்தை எடுத்து எழுதினாள்: "நாளைக்கு. முதல் பீரியட்."

கட்டின புருஷன் எதிரே நிற்கிறான். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, என் மனைவி யாருக்காகக் குரலைச் சேர்த்து வைத்திருக்கிறாள் தெரியுமா என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து என்னிடமும் பேசுகிறாள். கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது, அழகாக இருக்கிறது. வகுப்பில் முதலில் என்ன சொன்னாய் என்று கேட்டால், "கிளாஸ்ல நடந்தது கிளாஸோட," என்கிறாள். விசிலைக் கேட்டேன். மைதானத்தில் இருந்தாராம், ஒரே ஆரவாரம்தான் கேட்டதாம். கடைசியில் ஏழு பி-யின் பக்கத்தைத் திறந்தேன். இப்போது அதில் எல்லாம் இருக்கிறது. அன்றைய தேதிக்குக் கீழே பிள்ளைகள் இப்படி எழுதியிருக்கிறார்கள்:

"இன்று டீச்சர் பேசினார். முதலில் சொன்னது: ............ (இது எங்களுக்கு மட்டும்.)"

விடுபட்ட சொல்லை நிரப்புவது என் தொழில். பொருத்தமாக நான்கைந்து தோன்றின. எதையும் எழுதவில்லை. நீங்கள் ஏழு பி-யில் படித்திருந்தால் உங்களுக்குத் தெரியும். படிக்கவில்லை என்றால் என்னோடு வகுப்புக்கு வெளியே நில்லுங்கள். இங்கே நிற்பதும் பெருமையாகத்தான் இருக்கிறது.